பெங்களூரில் வேலைக்கு வரும் வெளிநாட்டவர்: சிடிசி ரூ. 32.5 லட்சம் என்றால் கையில் எவ்வளவு வரும்? வரி, பிஎஃப் விதிகள் சொல்வது என்ன?

உங்களிடம் கனடா, மலேசியா அல்லது பிரிட்டன் பாஸ்போர்ட் இருக்கிறது. பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. அதில் ஆண்டுக்கு ரூ. 32.5 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் ரூ. 2.71 லட்சம். 'பரவாயில்லையே' என்று தோன்றும்.

ஆனால், முதல் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும்போது அது ரூ. 1.95 லட்சமாக இருக்கலாம். யாரும் ஏமாற்றவில்லை. வருமான வரி, வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்), தொழில் வரி எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. இதில் பிஎஃப் விஷயத்தில் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு என்றே தனி விதி இருக்கிறது. அந்த விதி செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றமே ஒருமுறை தீர்ப்பளித்திருக்கிறது.

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் மையத்தைத் தொடங்கியதிலிருந்து பெங்களூருக்கும் வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கும் உறவு உண்டு. பிடதியில் டொயோட்டா ஆலை வந்த பிறகு ஜப்பானியர்கள் வந்தார்கள். இப்போது பன்னாட்டு நிறுவனங்களின் மையங்கள், சர்வதேசப் பள்ளிகள், ஸ்டார்ட்அப்கள் எனப் பல இடங்களில் வெளிநாட்டவர் வேலை செய்கிறார்கள். அவர்களில் பெற்றோர் காலத்திலேயே வெளிநாடு போய், இப்போது ஓசிஐ அட்டையுடன் திரும்பி வரும் தமிழர்களும் உண்டு.

நீங்கள் அப்படி வருபவராக இருந்தாலும் சரி, உங்கள் டீமில் அப்படி ஒருவர் சேரப்போகிறார் என்றாலும் சரி, கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று உண்டா?

உண்டு. வெளிநாட்டவர் இந்தியாவில் வேலை செய்ய எம்ப்ளாய்மென்ட் விசா வேண்டும். அதற்கு ஆண்டுச் சம்பளம் ரூ. 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் நிபந்தனை. முன்பு இதையே 25,000 அமெரிக்க டாலர் என்று டாலர் கணக்கில் சொல்லி வந்தார்கள்.

உள்ளூரில் ஆள் கிடைக்கக்கூடிய சாதாரண வேலைகளுக்கு வெளிநாட்டவரைக் குறைந்த சம்பளத்தில் கொண்டுவருவதைத் தடுப்பதே இதன் நோக்கம். சிலருக்கு விலக்கு இருக்கிறது. தங்கள் நாட்டு உணவைச் சமைக்க வரும் சமையல்காரர்கள், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தூதரக ஊழியர்கள் போன்றோருக்கு இந்த வரம்பு கிடையாது. இந்திராநகரில் உள்ள ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு ஜப்பானிலிருந்து வரும் சமையல்காரருக்கு 16.25 லட்சம் காட்ட வேண்டியதில்லை. அதே உணவகத்துக்கு ஜப்பானிலிருந்து மேனேஜர் வந்தால் காட்ட வேண்டும்.

இந்த வரம்பைக் கணக்கிடும்போது ரொக்கமாகத் தரப்படும் சம்பளமும் படிகளும் சேரும். நிறுவனம் தரும் இலவச வீடு போன்ற சலுகைகள் வருமான வரிக் கணக்கில் சம்பளமாக எடுத்துக்கொள்ளப்பட்டால், அவையும் சேரும். வரிக் கணக்கில் வராத சலுகைகள் சேராது.

ஓசிஐ அட்டை இருந்தால் எம்ப்ளாய்மென்ட் விசா தேவையில்லை. எனவே இந்தச் சம்பள வரம்பும் உங்களைக் கட்டுப்படுத்தாது. எஃப்ஆர்ஆர்ஓ பதிவிலிருந்தும் விலக்கு உண்டு. மற்றவர்கள், விசா 180 நாட்களுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்து 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெங்களூரில் அந்த அலுவலகம் சாந்திநகர் பிஎம்டிசி வளாகத்தில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வேலை இணையத்திலேயே முடிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் சம்பளம் பேசும்போது மறக்கக் கூடாது. எம்ப்ளாய்மென்ட் விசாவில் வருபவரின் கணவரோ மனைவியோ சார்ந்தோருக்கான விசாவில்தான் வர முடியும். அந்த விசாவில் இங்கே வேலை பார்க்க முடியாது. அங்கே இரண்டு சம்பளத்தில் ஓடிய குடும்பம் இங்கே ஒரு சம்பளத்தில் ஓட வேண்டியிருக்கும்.

சம்பளம் வெளிநாட்டு வங்கியில் விழுந்தால் இந்தியாவில் வரி உண்டா?

உண்டு. இதில்தான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 'என் சம்பளம் ஃபிராங்க்ஃபர்ட் கணக்குலதானே வருது, இந்தியாவுக்கு ஏன் வரி கட்டணும்?' என்ற கேள்வி சகஜம்.

சம்பளத்தை யார் தருகிறார்கள், எந்த நாட்டில் தருகிறார்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. வேலை எங்கே செய்யப்பட்டது என்றுதான் பார்க்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம், அது யூரோவாக ஜெர்மனியில் வரவு வைக்கப்பட்டாலும், இந்தியாவில் ஈட்டிய வருமானம்தான். அந்நியச் செலாவணி விதிகளும் இதை ஒட்டியே இருக்கின்றன. இங்கே பணியாற்றும் வெளிநாட்டவர் தன் நாட்டுக் கணக்கில் சம்பளம் வாங்கலாம். ஆனால் முழுச் சம்பளத்துக்கும் இந்தியாவில் வரி கட்டியிருக்க வேண்டும்.

குறுகிய காலத்துக்கு வந்து போகிறவர்களுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. 90 நாட்களுக்கு மேல் தங்காமல், இந்தியாவில் தொழில் ஏதும் நடத்தாத வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியராக வந்து, அந்தச் சம்பளத்தை இந்தியாவில் யாருடைய லாபத்திலும் செலவாகக் கழிக்கவில்லை என்றால், உள்நாட்டுச் சட்டத்திலேயே வரி விலக்கு கிடைக்கும். பெரும்பாலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் இந்த வரம்பை 183 நாள் வரை நீட்டிக்கின்றன. அங்கும் சம்பளச் செலவு இந்திய நிறுவனத்தின் தலையில் விழக் கூடாது என்பது நிபந்தனை. பெங்களூர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் இந்த விலக்கை மறந்துவிடலாம்.

வெளிநாட்டவருக்கு வரி விகிதம் அதிகமா?

இல்லை. இந்தியருக்கு என்ன விகிதமோ அதேதான் வெளிநாட்டவருக்கும். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கான விகிதம் இது:

- ரூ. 4 லட்சம் வரை: வரி இல்லை
- 4 முதல் 8 லட்சம்: 5%
- 8 முதல் 12 லட்சம்: 10%
- 12 முதல் 16 லட்சம்: 15%
- 16 முதல் 20 லட்சம்: 20%
- 20 முதல் 24 லட்சம்: 25%
- 24 லட்சத்துக்கு மேல்: 30%

சம்பளத்தில் முதலில் ரூ. 75,000 நிலையான கழிவு போகும். வந்த வரித் தொகையின் மீது 4% செஸ். வருமானம் ரூ. 50 லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் வரி (சர்சார்ஜ்) 10%, ஒரு கோடியைத் தாண்டினால் 15%, இரண்டு கோடியைத் தாண்டினால் 25%.

ஒரே ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. 'ரூ. 12 லட்சம் வரை வரி இல்லை' என்று சொல்கிறார்களே, அந்தத் தள்ளுபடி இந்தியாவில் 'வசிப்பவர்' என்ற தகுதி உள்ளவருக்கு மட்டும்தான். இங்கே குடியுரிமை முக்கியமில்லை. நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதே கணக்கு. 182 நாள் இருந்தால் நீங்கள் வசிப்பவர். அல்லது அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் வசிப்பவர்தான். இந்திய வம்சாவளியினர் விடுமுறைக்கு வந்து போனால் இந்த 60 நாள் விதியில் தளர்வு உண்டு.

ஓர் உதாரணம் பார்க்கலாம். இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம் ரூ. 2 லட்சம். இதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததில்லை.

முதலாமவர் 2025 அக்டோபர் 1-ம் தேதி வந்து அன்றே வேலையில் சேர்கிறார். மார்ச் 31 வரை, வந்த நாளையும் சேர்த்து, சரியாக 182 நாள். வசிப்பவர் ஆகிவிட்டார். ஆறு மாதச் சம்பளம் ரூ. 12 லட்சம். நிலையான கழிவு போக ரூ. 11.25 லட்சம். தள்ளுபடிக்குப் பின் வரி பூஜ்யம்.

இரண்டாமவர் இரண்டு வாரம் தாமதமாக, அக்டோபர் 15-ம் தேதி வருகிறார். 168 நாள்தான் ஆகிறது. வசிப்பவர் இல்லை. ஐந்தரை மாதச் சம்பளம் ரூ. 11 லட்சம், கழிவு போக ரூ. 10.25 லட்சம். தள்ளுபடி கிடையாது. செஸ் சேர்த்து வரி ரூ. 44,200.

குறைவாகச் சம்பாதித்தவர் 44 ஆயிரம் கட்டுகிறார்! எனவே செப்டம்பர் இறுதியில் வேலையில் சேரும் தேதியைப் பேசும்போது காலண்டரைப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் இந்தக் கணக்கு மாறிவிடும். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் இருக்கும் வீட்டு வாடகை, ஷேர்களுக்கும் இங்கே வரி கட்டணுமா?

உடனே இல்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்துக் கட்ட வேண்டி வரும். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

வசிப்பவர்களில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, 'வழக்கமாக வசிக்காத வசிப்பவர்'. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் இந்தியாவில் வசிக்காதவராக இருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729-க்கு மேல் போகாமல் இருந்தாலோ நீங்கள் இந்த வகை. இவர்களின் வெளிநாட்டு வாடகை, வட்டி, பங்கு லாபம் ஆகியவற்றுக்கு இங்கே வரி இல்லை. இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலின் வருமானம் மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது வகை, 'வழக்கமாக வசிப்பவர்'. இவர்களுக்கு உலகில் எங்கே வருமானம் வந்தாலும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும்.

நீங்கள் முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு எப்போது மாறுவீர்கள்? ஒருவர் முதல்முறையாக 2025 செப்டம்பர் 15 அன்று வருகிறார், இடையில் எங்கும் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

- 2025-26: 198 நாள். வசிப்பவர், ஆனால் முதல் வகை.
- 2026-27: முதல் வகை.
- 2027-28: இதுவரை இருந்தது 563 நாள். 729-ஐத் தாண்டவில்லை. முதல் வகைதான்.
- 2028-29: இதுவரை 929 நாள். இரண்டு நிபந்தனையும் போய்விட்டது. வழக்கமாக வசிப்பவர்.

அதாவது 2028 ஏப்ரல் 1-ம் தேதி முதல் டொரன்டோ வீட்டு வாடகையும் லண்டன் ஷேரும் இந்திய வரி வலைக்குள் வரும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கேட்கலாம். அதற்குத் தனிப் படிவமும் ஆதாரமும் வேண்டும்.

வரியைவிடப் பெரிய ஆபத்து, சொத்தைக் காட்டாமல் விடுவது. இரண்டாவது வகைக்கு மாறியதும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்குகள், ஓய்வூதியக் கணக்கு, வீடு எல்லாவற்றையும் ரிட்டர்னில் தனி அட்டவணையில் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி ரூ. 10 லட்சம் வரை அபராதம் போக வாய்ப்புண்டு. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு ரூ. 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் பத்து வருடம் கனடாவில் வேலை பார்த்தவரின் ஓய்வூதியக் கணக்கு மட்டுமே இந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும்.

1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்ற ஒரே பெயர் வந்திருக்கிறது. ஆனால் மேலே சொன்ன நாள் கணக்கு அப்படியே தொடர்கிறது.

பிஎஃப்: கையில் வரும் சம்பளத்தைக் கடிக்கும் பெரிய விஷயம்

2008 அக்டோபரில் மத்திய அரசு பிஎஃப் திட்டத்தில் 'சர்வதேசத் தொழிலாளர்' என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. பிஎஃப் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில் வேலை செய்யும் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்கள் இதில் வருவார்கள். ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் பாஸ்போர்ட் கணக்கில் வெளிநாட்டவரே. நேபாளம், பூட்டான் நாட்டவர் மட்டும் இந்தியத் தொழிலாளராகவே கருதப்படுவார்கள்.

என்ன வித்தியாசம்? இந்திய ஊழியருக்கு 2014 முதல் மாதம் ரூ. 15,000 என்ற ஊதிய வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும், 15,000-க்கு 12%, அதாவது மாதம் ரூ. 1,800 பிடித்தால் போதும் என்று பல நிறுவனங்கள் நிறுத்திக்கொள்கின்றன. வெளிநாட்டவருக்கு இந்த வரம்பு கிடையாது. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12% பிடிக்க வேண்டும். நிறுவனமும் அதே அளவு போட வேண்டும்.

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் பார்க்கலாம். மொத்தச் சம்பளம் ரூ. 30 லட்சம். அதில் பாதி, ரூ. 15 லட்சம், அடிப்படைச் சம்பளம்.

- நிறுவனத்தின் பிஎஃப் பங்கு: ரூ. 1,80,000
- கிராஜுவிட்டி ஒதுக்கீடு (அடிப்படைச் சம்பளத்தில் 4.81%): ரூ. 72,150
- இவற்றைச் சேர்த்தால் சிடிசி: ரூ. 32,52,150

கையில் வருவது:

- மொத்தச் சம்பளம்: ரூ. 30,00,000
- வருமான வரி, செஸ் உட்பட: ரூ. 4,75,800
- ஊழியரின் பிஎஃப் பங்கு: ரூ. 1,80,000
- கர்நாடகத் தொழில் வரி: ரூ. 2,500
- மிச்சம்: ரூ. 23,41,700. மாதம் சுமார் ரூ. 1.95 லட்சம்.

பக்கத்து சீட்டில் அதே சம்பளத்துக்கு இருக்கும் இந்தியருக்கு, மாதம் ரூ. 1,800 மட்டும் பிஎஃப் பிடித்தால், கையில் வருவது சுமார் ரூ. 2.08 லட்சம்.

'பிஎஃப் நம்ம காசுதானே, பின்னாடி எடுத்துக்கலாம்' என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கல். இந்தியாவுடன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் வேலையை விட்டதும் எடுக்கலாம். மற்றவர்கள், ஓய்வுபெற்று 58 வயதைக் கடந்த பிறகுதான் முழுத் தொகையை எடுக்க முடியும். நிரந்தர உடல் இயலாமை போன்ற சூழ்நிலைகளில் விதிவிலக்கு உண்டு. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த 32 வயது அமெரிக்கர், இங்கே போட்ட பணத்துக்காக 26 வருடம் காத்திருக்க வேண்டும்.

ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜப்பான், தென்கொரியா, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளுடன் இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவுடன் இல்லை. சிங்கப்பூருக்கு 2005-ல் கையெழுத்தான பொருளாதார ஒப்பந்தத்தின் வழியாகத் தனி ஏற்பாடு உண்டு.

ஒப்பந்த நாட்டில் உள்ள தாய் நிறுவனமே உங்களை இங்கே அனுப்பினால், அந்த நாட்டிலிருந்து 'காப்பீட்டுச் சான்றிதழ்' வாங்கி வந்து இங்கே பிஎஃப் கட்டாமலே இருக்கலாம். ஆனால் பெங்களூர் நிறுவனம் நேரடியாக உங்களை வேலைக்கு எடுத்தால் இந்த வழி பொதுவாகக் கிடைக்காது. எனவே 'யார் என் முதலாளி?' என்பது வெறும் பேப்பர் விஷயம் இல்லை.

கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது என்ன?

பெங்களூரில் ஸ்டோன்ஹில் சர்வதேசப் பள்ளியை நடத்தும் ஸ்டோன்ஹில் எஜுகேஷன் ஃபவுண்டேஷன் உள்ளிட்டோர் இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். சில ஆண்டுகள் மட்டும் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் பிடிப்பது பாரபட்சம் என்பது அவர்கள் வாதம்.

2024 ஏப்ரல் 25 அன்று நீதிபதி கே.எஸ். ஹேமலேகா, பிஎஃப் திட்டத்தின் 83-வது பத்தியும், ஓய்வூதியத் திட்டத்தின் 43ஏ பத்தியும் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று ரத்து செய்தார். வெளிநாடு செல்லும் இந்தியத் தொழிலாளி 15,000 ரூபாய் வரம்புக்குள் கட்டினால் போதும் என்றிருக்கும்போது, இங்கே வரும் வெளிநாட்டவரிடம் மட்டும் முழுச் சம்பளத்துக்கும் கேட்பதற்கு நியாயமான அடிப்படை இல்லை, இது அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவு தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு சொன்னது. 14-வது பிரிவின் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்திய மண்ணில் இருக்கும் எவருக்கும் உண்டு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. பிஎஃப் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. இன்னொரு பக்கம், 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஸ்பைஸ்ஜெட் தொடர்ந்த வழக்கில் இதே 83-வது பத்தி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சர்வதேச ஒப்பந்தங்களை நிறைவேற்ற வெளிநாட்டவரைத் தனி வகையாகப் பிரிப்பதில் தவறில்லை என்பது அந்த நீதிமன்றத்தின் பார்வை.

ஒரே விதி, இரண்டு உயர் நீதிமன்றங்கள், இரண்டு பதில்கள். நடைமுறையில், பின்னாளில் வட்டியும் அபராதமும் வரக் கூடாது என்று முழுச் சம்பளத்துக்கும் தொடர்ந்து பிடிப்பதே நிறுவனத்துக்குப் பாதுகாப்பான வழி. உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தாய் நிறுவனம் அனுப்பினால் நிறுவனத்துக்கு என்ன செலவு?

இதிலும் ஒரு பெங்களூர் வழக்கு முக்கியம். நார்தர்ன் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்துக்கு வெளிநாட்டுக் குழும நிறுவனம் தன் ஊழியர்களை அனுப்பியது. இது 'ஆள் வழங்கும் சேவை', எனவே இந்திய நிறுவனம் சேவை வரி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19-ல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து பல நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ்கள் போயின. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இந்தத் தீர்ப்பைப் பொருத்தக் கூடாது என்று மறைமுக வரிகள் வாரியம் 2023 டிசம்பரில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது.

இந்த வரி உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படுவது இல்லை. ஆனால் 'தாய் நிறுவனத்திலேயே இருந்துகொண்டு இங்கே வேலை செய்கிறேன்' என்று நீங்கள் கேட்கும்போது எச்ஆர் தயங்குவதற்கு இது ஒரு காரணம். அவர்கள் உள்ளூர் ஒப்பந்தத்துக்கு மாறச் சொன்னால், பிஎஃப் விலக்கு போகும் என்பதைச் சொல்லிச் சம்பளத்தை உயர்த்திக் கேட்கலாம்.

பேரம் பேசும்போது எதைக் கேட்கலாம்?

வீடு. பெங்களூரில் மாதம் ரூ. 80,000 வாடகைக்கு வீடு பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ரூ. 9.6 லட்சம். இதை நிறுவனம் ரொக்கமாகத் தந்தால், 30% வரம்பில் இருக்கும் உங்களுக்குச் செஸ் சேர்த்து சுமார் ரூ. 3 லட்சம் வரி. அதற்குப் பதில் நிறுவனமே வீட்டை லீஸுக்கு எடுத்துத் தந்தால், சம்பளத்தில் 10% அல்லது உண்மையான வாடகை, எது குறைவோ அதுதான் வரிக்கு உரிய மதிப்பு. ரூ. 30 லட்சம் சம்பளத்துக்கு அது ரூ. 3 லட்சம். வரி ரூ. 93,600 மட்டுமே. இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். பல மாத வாடகையை அட்வான்ஸாகப் புரட்டும் தலைவலியும் நிறுவனத்தோடு போய்விடும்.

பள்ளிக் கட்டணம். சர்வதேசப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கே ஆண்டுக்குப் பல லட்சம் ஆகும். நிறுவனம் கட்டினாலும் அது உங்கள் சலுகையாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். அந்த வரியை யார் ஏற்பது என்று கேளுங்கள்.

வரி போக நிகரச் சம்பளம். சில நிறுவனங்கள் 'கையில் இவ்வளவு, வரியை நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லும். அப்படி நிறுவனம் கட்டும் வரியும் உங்கள் வருமானமாகவே கருதப்படும், அதற்கும் வரி உண்டு. 30% வரம்பில் உங்கள் கையில் ரூ. 100 கூடுதலாக வர, நிறுவனம் சுமார் ரூ. 145 செலவழிக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சலுகையைப் பெரிய பதவிகளுக்கு மட்டும் தருகிறார்கள்.

கிராஜுவிட்டி. வழக்கமான விதிப்படி ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். நிர்ணயிக்கப்பட்ட கால ஒப்பந்தமாக இருந்தால், 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடத்திலேயே உரிமை உண்டு. உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று பாருங்கள். கிடைக்கவே கிடைக்காத தொகையைச் சிடிசியில் சேர்த்துக் காட்டினால், அது உங்கள் சம்பளம் இல்லை.

ரிட்டர்ன் தாக்கல், ஊருக்குத் திரும்பும்போது கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டவருக்கும் பான் எண் கட்டாயம். அதற்குத் தனி விண்ணப்பப் படிவம் இருக்கிறது. நிறுவனம் வரியைப் பிடித்துக் கட்டிவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்வது உங்கள் பொறுப்பு. கடைசி நாள் வழக்கமாக ஜூலை 31. எளிமையாக இருக்கிறதே என்று ஐடிஆர்-1 படிவத்தை எடுத்துவிடாதீர்கள். வசிக்காதவர், வழக்கமாக வசிக்காதவர், வெளிநாட்டுச் சொத்து உள்ளவர் யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. சம்பளக்காரர்களுக்கு ஐடிஆர்-2 தான்.

வேலை முடிந்து கிளம்பும்போது வரி பாக்கி இல்லை என்பதற்கான தடையில்லாச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் 230-வது பிரிவு சொன்னது. வேலைக்காக வந்து இங்கே வருமானம் ஈட்டிய வெளிநாட்டவருக்காக, நிறுவனம் உறுதிமொழி தந்து இதைப் பெற வேண்டும். புதிய சட்டத்திலும் வரி அனுமதி ஏற்பாடு தொடர்கிறது. கடைசி வாரத்தில் இதைத் தேடி அலைவதைவிட, ராஜினாமாக் கடிதம் கொடுக்கும்போதே எச்ஆரிடம் கேட்பது நல்லது.

வங்கிக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். பிஎஃப் பணமும் வரி ரீஃபண்டும் வந்து சேர ஒரு கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் பிஎஃப் எடுத்தால் அதற்கும் வரி உண்டு.

கையெழுத்துப் போடும் முன் எச்ஆரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. சிடிசியில் நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கிறதா? அவை இல்லாமல் மொத்தச் சம்பளம் எவ்வளவு?
2. பிஎஃப் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிப்பீர்களா? நீதிமன்றத் தீர்ப்பு மாறினால் பணம் திரும்ப வருமா?
3. என் முதலாளி யார்? இந்திய நிறுவனமா, தாய் நிறுவனமா?
4. வீட்டை நிறுவனம் லீஸுக்கு எடுத்துத் தருமா?
5. சேரும் தேதியைச் சற்று முன்னே பின்னே மாற்ற முடியுமா?
6. இரண்டு நாடுகளிலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஆடிட்டர் செலவை யார் ஏற்பது?

ஆறாவது கேள்வி அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் தேவை. அமெரிக்கா தன் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அவர்களின் வருமானத்தைக் கணக்குக் கேட்கும். பெங்களூரில் வரி கட்டிவிட்டோம் என்று அங்கே தாக்கல் செய்யாமல் இருந்துவிட முடியாது.

இந்த ஆறுக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசா முத்திரை விழுந்த பிறகு சம்பளத்தைத் திருத்திப் பேசுவது கஷ்டம். ஆஃபர் லெட்டர் இன்னும் கையெழுத்தாகாமல் மேசையில் இருக்கும்போது கேட்பதுதான் சுலபம்.